முதுகுப் பையோடு மொரீஷியஸ்: முதன்முறை வருகிறவர்களுக்கு

மொரீஷியஸைச் சிக்கனமாகச் சுற்ற வருகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஏமாறுகிறார்கள். வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர். 'இவ்வளவுதானே, ஒரே இடத்தில் அறை எடுத்துத் தினமும் போய்வரலாம்' என்று தோன்றும். வரைபடத்தைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பொழுது சாய்ந்தால் இங்கே பேருந்தும் ஓய்ந்துவிடும். கிராமப்புறத் தடங்களில் மாலை ஆறரைக்கு மேல் வண்டியை எதிர்பார்க்க முடியாது. நகரங்களுக்கிடையே எட்டு மணிவரை ஓடும், அதுவும் ஏழுக்கு மேல் இடைவெளி நீளும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால், நாள் முழுக்க மிச்சம்பிடித்த பணம் ஒரே டாக்சியில் போய்விடும். எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையெல்லாம் இந்த நேரக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கீழே சொல்லும் விலைகள் மொரீஷியஸ் ரூபாயில். ஒரு மொரீஷியஸ் ரூபாய், இரண்டு இந்திய ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே கோடை: வெயில், புழுக்கம், மழை, புயல். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். குளிர் என்றால் கடற்கரையில் இதமான குளிர்தான். தீவின் நடுவில் உள்ள மேட்டு நிலத்தில், குறிப்பாகக் கியூர்பிப்பில், ஜூலை மாத இரவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள்.

நடப்பதும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் என் தேர்வு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையை விட்டு மேற்கிலோ வடக்கிலோ தங்குங்கள். ஜூனில் சூரியன் ஐந்தே முக்காலுக்கே மறைந்துவிடும், டிசம்பர் கடைசியில் ஏழு மணியை நெருங்கும். குளிர்காலத்தில் வருகிறவர்கள் மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

புயல் பருவத்தில் வந்தால், எச்சரிக்கை நான்கு படிகளில் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் படியில் புயல் இன்னும் ஒன்றரை, இரண்டு நாள் தொலைவில் இருக்கிறது. இரண்டாம் படி அறிவித்ததும் ரொட்டி, தண்ணீர், மெழுகுவத்தி வாங்கிவிட்டு, கைப்பேசிக்கும் பவர் பேங்குக்கும் மின்னேற்றம் செய்துவிடுங்கள். மூன்றாம் படிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் பேருந்து கிடைக்காது. நான்காம் படி என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வந்துவிட்டது என்று பொருள். புயல் இல்லாத வெறும் கனமழையும் ஆபத்துதான். 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயியில் திடீர் வெள்ளம் வந்தபோது, துறைமுகத்தை ஒட்டிய கோடான் பகுதி அருகே பாதசாரிகளுக்கான சுரங்கப்பாதையில் இருந்தவர்கள் இறந்தார்கள். தலைநகரில் மழை கொட்டினால் சுரங்கப்பாதையில் இறங்காமல் மேடான இடத்தில் நில்லுங்கள்.

2. ஆவணங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் குடிநுழைவு மேசையில் கேட்பதைக் காட்டியாக வேண்டும்:

- திரும்பிச் செல்லும் விமானச் சீட்டு. ஒருவழிச் சீட்டோடு வந்தால், ஏறும் விமான நிலையத்திலேயே தடுத்துவிடுவார்கள்.
- தங்குமிடத்தின் முகவரியும் முன்பதிவும். தெரிந்தவர் வீட்டில் தங்குவதானால் அவருடைய அழைப்புக் கடிதம், அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று மூன்றையும் அச்செடுத்து வாருங்கள். 'சொந்தக்காரர் வீடு' என்று வாயால் சொன்னால் போதாது.
- செலவுக்குப் பணம். ஒரு நாளுக்கு 100 அமெரிக்க டாலர் என்பது அதிகாரப்பூர்வ அளவு. முழுவதையும் தாளாகக் கொண்டுவர வேண்டாம். வங்கி அறிக்கையும் சர்வதேச அட்டையும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.
- மின்படிவம். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசுத் தளத்தில் நிரப்பி, கிடைக்கும் கியூஆர் குறியைக் கைப்பேசியிலும் தாளிலும் வைத்திருங்கள். இது இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. கட்டணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாக வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றும் கொண்டுவர வேண்டும்.

முத்திரை குத்தியதும் மேசையை விட்டு நகராமல், அதில் எந்தத் தேதிவரை அனுமதி என்று பாருங்கள். திரும்பும் சீட்டின் தேதிக்கு முந்திய நாளாக இருந்தால் அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் சுலபம்.

பைக்குள் என்ன இருக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். தூக்க மாத்திரை, பலமான வலிநிவாரணி, மனநல மருந்து போன்றவற்றில் சிலவற்றுக்கு இங்குள்ள சுகாதார அமைச்சின் முன் அனுமதி தேவை. மற்ற மருந்துகளையும் கடைப் பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு கொண்டுவாருங்கள். சிகரெட் சுற்றும் தாளைக் கொண்டுவரவே கூடாது. கறிவேப்பிலை, விதை, பழம், செடி எதற்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். அம்மா கட்டிக்கொடுத்தாலும் கறிவேப்பிலைக் கொத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே சந்தையில் அது தாராளமாகக் கிடைக்கும்.

3. பணம், சிம், மின்செருகி

மொரீஷியஸ் ரூபாயை ஊரிலேயே தேடி அலைய வேண்டாம். டாலரோ யூரோவோ கொண்டுவந்து, விமான நிலையத்தில் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை ஏடிஎம்மில் எடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ரூபே அட்டையும் யூபிஐயும் இங்கே நடைமுறையில் உள்ளன. ஆனாலும் பேருந்து, சந்தை, தெருக்கடை எல்லாம் ரொக்கம்தான். அதனால் 25, 50, 100 ரூபாய்த் தாள்களைச் சேர்த்து வையுங்கள். நடத்துநரிடம் 1,000 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை கிடைப்பது கடினம். தாளைக் கையில் வாங்கும்போது ஒரு நொடி பாருங்கள்: மதிப்பு தமிழிலும் எழுதியிருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். 100 ரூபாய்த் தாளில் இருப்பவர் இந்நாட்டு அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன்.

சிம் அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டி வருகைக் கூடத்திலேயே வாங்கிவிடலாம். மின்செருகி பிரிட்டன் வகை, சில இடங்களில் பிரெஞ்சு வகை. இந்தியாவின் மூன்று உருண்டை முள் செருகி இங்கே பொருந்தாது, மாற்றி ஒன்று கொண்டுவாருங்கள்.

2025 அக்டோபர் முதல், 12 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ சுற்றுலாக் கட்டணம் உண்டு. தங்குமிடத்தில்தான் வசூலிப்பார்கள். முன்பதிவு விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இருவர் பத்து இரவு தங்கினால் 60 யூரோ, சின்னத் தொகை இல்லை.

அறையை இருவர் பகிர்ந்து, பேருந்தில் போய், கடைத்தெருவில் சாப்பிட்டால், சுற்றுலாக் கட்டணமும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 முதல் 1,800 ரூபாயில் சமாளிக்கலாம். படகு, நுழைவுச்சீட்டு, டாக்சி இவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

4. எங்கே தங்குவது: ஒரே அறை வேண்டாம், மூன்று ஊர்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வடக்கே கிராந் பேயில் பத்து நாளுக்கு அறை எடுத்துவிட்டு, தெற்கே உள்ள சூயாக் அல்லது லெ மோர்ன் பார்க்கக் கிளம்புகிறார்கள். போகவே அரை நாள் போய்விடும், மாலையில் திரும்ப வண்டி இருக்காது. பத்து நாளை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

தென்கிழக்கு, மூன்று இரவு: மாஎபூர். விமான நிலையத்திலிருந்து கால் மணி, இருபது நிமிடத் தூரம். நாள் முழுக்கப் பறந்து வந்த களைப்போடு தலைநகர் வரை போகாமல் இங்கே இறங்குவது உடம்புக்கும் பைக்கும் நல்லது. விருந்தினர் இல்லங்கள் 1,500 ரூபாய் அளவிலிருந்து கிடைக்கும். திங்கட்கிழமை பெரிய சந்தை கூடும். பக்கத்தில் ப்ளூ பே கடல் பூங்கா. இல் ஓ எக்ரெத் என்ற சிறு தீவுக்கும் இங்கிருந்துதான் படகு. பாதுகாக்கப்பட்ட தீவு என்பதால் வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பதிவு வேண்டும். இளஞ்சிவப்புப் புறாவை அதன் சொந்தக் காட்டில் பார்க்கலாம், பெரிய ஆமைகளும் உண்டு. ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

நடுப்பகுதி, நான்கு இரவு: கத்ர் போர்ன், ரோஸ் ஹில், கியூர்பிப் மூன்றில் ஒன்று. கடல் இல்லாத ஊர்கள் என்று பயணிகள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் பேருந்தில் சுற்றுகிறவருக்கு இதைவிட வசதியான இடமில்லை. எல்லாத் திசைக்கும் வண்டி உண்டு. மெட்ரோ ரயிலும் இங்கேதான் ஓடுகிறது, பேருந்து நின்ற பிறகும் ஓடும். அதனால் அறையை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். மழை பிடிக்காதவர்கள் கியூர்பிப்பைத் தவிர்க்கலாம். கடற்கரையில் வெயில் அடிக்கும் நாளிலும் அங்கே தூறும்.

வடக்கு, மூன்று இரவு: திரூ ஓ பீஷ், கிராந் பே, பெரேபேர். நீந்த, ஓய்வெடுக்க. பாம்ப்லேமூஸ் தாவரவியல் பூங்காவும் இந்த வழியில்தான். அங்கே வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல்.

லெ மோர்ன் மலை ஏற விரும்பினால், நடுப்பகுதியில் இரண்டு இரவைக் குறைத்து மேற்குக் கரையில் லா கோலெத் கிராமத்தில் தங்குங்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். அதற்குக் கடற்கரை ஆணையத்தின் அனுமதி தேவை.

5. பேருந்தும் மெட்ரோவும்

போர்ட் லூயியில் இரண்டு முனையங்கள். வடக்கே போகும் வண்டிகள் இமிகிரேஷன் சதுக்கத்திலிருந்தும், தெற்கும் மேட்டு நிலமும் போகும் வண்டிகள் விக்டோரியா முனையத்திலிருந்தும் கிளம்பும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊரைக் கடக்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். மெட்ரோவில் வந்தால் இரண்டு இடத்திலும் நிலையம் உண்டு. விக்டோரியாவுக்கு அடுத்த கடைசி நிலையத்தின் பெயர் ஆப்ரவாசி காட். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய படிக்கட்டுகள் அதன் பக்கத்தில்தான் உள்ளன. நுழைவு இலவசம், ஞாயிறு விடுமுறை. அடுத்த வண்டியைத் தள்ளிப்போட்டாவது ஒரு மணி நேரம் உள்ளே போய் வாருங்கள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு நடத்துநர் வருவார். ஊர்ப் பெயரைச் சொன்னால் சீட்டு. இறங்கும்வரை அதைத் தொலைக்காதீர்கள், இடையில் பரிசோதகர் ஏறுவார். கட்டணம் குறைவு: இரண்டு மூன்று வண்டி மாறித் தீவின் மறுமுனைக்குப் போனாலும் ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டாது. ஒரே ஊருக்குச் சாதாரண வண்டியும் எக்ஸ்பிரஸும் ஓடும். ஏறும்முன் 'எக்ஸ்பிரஸா' என்று கேளுங்கள், ஒரு மணி நேரம்கூட மிச்சமாகலாம். பெரிய பைக்குத் தனி இடம் கிடையாது. காலை ஏழரை முதல் ஒன்பது வரையும் மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரையும் மாணவர்களும் வேலைக்குப் போவோரும் நிறைந்திருப்பார்கள். ஊர் மாறும் நாளில் காலை பத்து மணி வண்டியைப் பிடியுங்கள்.

ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் இருக்கும், எழுதியபடி உச்சரித்தால் யாருக்கும் புரியாது. போர்ட் லூயியை இங்குள்ளவர்கள் பேசும் கிரியோல் மொழியில் 'போர்ல்வி' என்பார்கள். பெயரைக் கைப்பேசியில் காட்டிக் கேட்பது நல்லது. இங்குள்ள தமிழர்களிடம் 'வணக்கம்' என்றால் முகம் மலர்ந்து 'வணக்கம்' வரும். ஆனால் வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல்தான். தமிழில் தொடர்ந்து பேசி அவர்களைச் சங்கடப்படுத்தாமல், இந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: 'கொம்யென் சா?' என்றால் இது எவ்வளவு. 'கோத் பிஸ் ஸ்தோப்?' என்றால் பேருந்து நிறுத்தம் எங்கே. 'மெர்சி' என்றால் நன்றி.

6. டாக்சியும் வாடகை வண்டியும்

தென்மேற்கு மலைப்பகுதியில் பேருந்து மிகக் குறைவு. கிராந் பாசென் புனித ஏரி, கார்ஜ் பள்ளத்தாக்குக் காட்சிமுனை, ஷமரேலின் ஏழு வண்ண மண், அருவி இவற்றுக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு நாள் டாக்சி எடுப்பதே மேல். 2,500 முதல் 4,000 ரூபாய் வரை கேட்பார்கள். ஏறும்முன்பே மூன்றைப் பேசி முடியுங்கள்: மொத்தத் தொகை, எத்தனை மணிவரை, எந்தெந்த இடம். மூன்றாவதைப் பேசாமல் விட்டால் துணிக்கடைக்கும் நினைவுப்பொருள் கடைக்கும் பாதி நாள் போய்விடும்.

கார் எடுத்தால், நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டுவதுதான். மஞ்சள் எண்பலகை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் உரிமம் பெற்ற வாடகை வண்டி. கறுப்புப் பலகை தனியார் வண்டி. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

7. மலை

மூன்றைச் சொல்கிறேன், சுலபத்திலிருந்து கடினம் என்ற வரிசையில்.

பிளாக் ரிவர் கார்ஜ் தேசியப் பூங்கா: நுழைவு இலவசம். பெத்ரேன் நுழைவாயிலில் தொடங்கி மக்காபே வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். 10 கிலோமீட்டர் அளவு, நான்கைந்து மணி நேரம். எதிர்த்திசையில் போனால் முழுவதும் ஏற்றம். கீழே வந்த பிறகு கடற்கரைச் சாலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் தார்ச்சாலை உண்டு. இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் பேருந்தைத் தவறவிடுகிறார்கள். காலை எட்டுக்குள் தொடங்குங்கள்.

லெ பூஸ்: 812 மீட்டர். பெயருக்குப் பெருவிரல் என்று பொருள், தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே தெரியும். மோக்கா பக்கத்திலிருந்து ஏறினால் இரண்டு மணி நேரம். உச்சிக்குச் சற்று முன் பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும்.

லெ மோர்ன்: 556 மீட்டர்தான், ஆனால் மூன்றிலும் இதுவே ஆபத்தானது. முதல் ஒரு மணி நேரம் அகலமான பாதை. அதற்குமேல் செங்குத்துப் பாறை, கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடற்காட்சி அங்கிருந்தே அழகுதான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி. விடிந்ததும் தொடங்கினால் வெயிலுக்குமுன் இறங்கிவிடலாம். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை இது. உச்சியில் பாட்டுப் பெட்டி வேண்டாம்.

8. கடல்

பவளத்திட்டு சூழ்ந்த இடங்களில் கடல் குளம்போல இருக்கும். திட்டு இல்லாத இடத்தில் அதே கடல் ஆளை இழுக்கும். தெற்கே சூயாக் அருகேயுள்ள கிரீ கிரீ அப்படிப்பட்ட இடம். பார்க்கலாம், இறங்கக் கூடாது.

ரப்பர் காலணி இல்லாமல் தண்ணீரில் நடக்காதீர்கள். கடல் முள்ளெலியும் கல்மீனும் உண்டு. கல்மீனை இங்கே 'லாஃப்' என்பார்கள், கல்லோடு கல்லாகக் கிடக்கும். மிதித்தால் பொறுக்க முடியாத வலி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசர மருத்துவ ஊர்திக்கு 114, காவல்துறைக்கு 999.

படகுச் சுற்றுலாவைக் கடற்கரையில் வந்து பேசும் ஆளிடம் முழுப்பணம் கொடுத்து வாங்காதீர்கள். உயிர்காப்புச் சட்டை, மதியச் சாப்பாடு, திரும்பும் நேரம் மூன்றையும் கேட்டுவிட்டு முன்பணம் மட்டும் கொடுங்கள். இல் ஓ செர்ஃப் தீவுக்குத் த்ரூ டோ டூஸ் கிராமத்துக்கே போய்ப் படகு பிடித்தால் விலை குறையும்.

9. சாப்பாடு

தெருவில் விற்கும் தோல் பூரி இரண்டிரண்டாகத்தான் வரும். நடுவில் பட்டாணிப் பருப்புப் பூரணம், மேலே அவரைக்கொட்டைக் கறி, சட்னி. ஒரு ஜோடி 50 ரூபாய்க்குள், காலை உணவு முடிந்தது. மதியம் இரண்டுக்குள் பல கடைகளில் தீர்ந்துவிடும். 'காத்தோ பிமா' நம் மசால் வடையின் சின்னத் தம்பி.

சைவர்கள் வறுத்த சோறு, நூடுல்ஸ் இரண்டிலும் கவனமாக இருங்கள். காய்கறி மட்டும் என்றாலும் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். 'மோ பா மான்ஸ் லாவியான், பா மான்ஸ் ப்வாசோன்' என்று சொல்லுங்கள்: கறி சாப்பிடமாட்டேன், மீன் சாப்பிடமாட்டேன். சந்தையில் முருங்கைக்கீரை 'ப்ரேத் மூரூம்', பீர்க்கங்காய் 'பிபங்காய்', சாப்பாட்டு வீட்டில் ரசம் 'ராசோன்'. சமையலறை உள்ள அறை கிடைத்தால் செலவு பாதியாகும். துணிப்பை ஒன்று வைத்திருங்கள், பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை.

10. கிழமையும் திருநாளும்

கத்ர் போர்ன், ரோஸ் ஹில், கியூர்பிப் கடைகள் வியாழன் மதியத்தோடு மூடும். போர்ட் லூயியில் சனி மதியத்துக்கு மேல் தெரு வெறிச்சோடும். கத்ர் போர்னில் வியாழனும் ஞாயிறும் துணிச்சந்தை.

தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை. கோவில் இருக்கும் ஊர்களில் ஊர்வல நேரத்தில் சாலை திருப்பிவிடப்படும், அன்று ஊர் மாறும் திட்டம் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கத்ர் போர்ன் பக்கம் கோர் த கார்த் மலையடிவாரத்துக் கோவிலுக்குக் காலையிலேயே போங்கள். பால் செம்போடு படியேறும் கூட்டத்தில் ஓரமாக நிற்க இடம் கிடைக்கும். அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. அலகு குத்தியவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் பல லட்சம் பேர் கிராந் பாசெனுக்கு நடந்து போவார்கள். நடக்க வருகிறீர்கள் என்றால் அருமையான நேரம், வழியெங்கும் தண்ணீரும் பழமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். டாக்சியில் ஷமரேல் பார்க்கத் திட்டம் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

11. கிளம்பும் நாள்

வடக்கில் ஓர் இரவைக் குறைத்து, கடைசி இரவை மறுபடியும் மாஎபூரில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை விமானத்துக்கு வடக்கிலிருந்து பேருந்தில் வந்து சேர முடியாது. டாக்சியை முந்தைய மாலையே பேசி, தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள், அபராதமும் வரலாம். மிச்சமுள்ள மொரீஷியஸ் ரூபாயைப் புறப்படும் கூடத்திலேயே மாற்றிவிடுங்கள், ஊரில் அதை வாங்க ஆளில்லை. ஒரு 100 ரூபாய்த் தாளை மட்டும் வீட்டில் காட்ட வைத்துக்கொள்ளலாம்.